உடைப்பு

மூன்று வருஷம்.
மன்னார்குடியில், உரக்கடை மாடியில்,
யூரியா நெடிக்கு மேலே உட்கார்ந்து
நானும் திலகேஸ்வரியும் ஒரு விளையாட்டு செய்தோம்.
நள்ளிரவு. கொள்ளிடம் நுரைத்துக்கொண்டு வருகிறது.
கரையில் ஓர் உடைப்பு.
மணல்மூட்டை, சவுக்குக் கட்டை, வைக்கோல் பிரி.
விடிவதற்குள் அடைக்க வேண்டும்.
பெயரும் அதுவே: உடைப்பு.
விலை நூற்றித் தொண்ணூற்றொன்பது.

எட்டாம் நாள் அதையே உடைத்துவிட்டார்கள்.

இந்தச் சிலேடையைக் கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விற்றது முந்நூற்றுப் பன்னிரண்டு.
விலை தராமல் ஆடியது இருபத்தாறாயிரம்.
எப்படித் தெரியும் என்றால்,
திறக்கும்போது ஒவ்வொரு பிரதியும்
எங்கள் சர்வரை ஒருதரம் கூப்பிடும்.
உடைத்தவன் அதை எடுக்க மறந்துவிட்டான்.
ராத்திரி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இருபத்தாறாயிரத்தை நூற்றித் தொண்ணூற்றொன்பதால் பெருக்கினேன்.
ஐம்பத்தொரு லட்சத்துச் சொச்சம்.
பொத்தானை அழுத்திய விரல் எடுக்குமுன்னே
பொய் என்று தெரிந்தது.

கடைமடையில் பிறந்தவளுக்குத் திருட்டு தெரியும்.
மேலே எவனோ இருட்டில் ஷட்டரைத் தூக்கினால்
அந்தத் தண்ணீர் என் வயலில் இல்லை, அவ்வளவுதான்.
இது அப்படி இல்லை.
இருபத்தாறாயிரம் பேர் எடுத்த பிறகும்
என்னிடம் முழுசாக இருக்கிறது.
முழுசாக இருக்கிறது,
வாடகைக்குத்தான் ஆகவில்லை.

கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறினேன்,
நஜ்முதீன் கடைக்கு, சண்டைக்கு.
துபாய்ப் பெட்டிகளில் வந்திறங்கிய பழைய கன்சோல்கள்,
கண்ணாடிக்குள் கீறல் விழுந்த டிஸ்குகள்,
பென்டிரைவில் ஏற்றித்தர நாற்பது ரூபாய்.
சண்டையை எந்த இடத்தில் தொடங்குவது?
பத்தாவது படிக்கும்போது இதே கடையில்
முப்பது ரூபாய்க்கு ஒரு டிஸ்க் வாங்கினேன்.
செய்தவர்கள் பெயர் ஓடும்போது
அவசரமாக அணைத்துவிட்டு மறுபடி ஆடுவேன்.
ஒரு பொம்மை எப்படிக் குதிக்கிறது என்று
எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த முப்பது ரூபாய்.

அவர் முந்திக்கொண்டார்.
"ஏம்மா, ஆறாவது கட்டத்துல
மூட்டை தண்ணிக்குள்ள போயி மாட்டிக்குது.
பசங்க கத்துறாங்க.
ஒன்னைப் பாத்தா சொல்லணும்னு இருந்தேன்."

காசு கொடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில்
ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

நின்றிருந்தபோது ஒரு பையன் வந்தான்.
ஆடி முடித்த டிஸ்கை அறுநூறுக்குக் கொடுத்து
கையிலிருந்த ஆயிரத்தையும் சேர்த்து வைத்து
அடுத்த வாரம் வரும் புதுசுக்குப் பெயர் எழுதிப் போனான்.
செய்தவனுக்கு இதில் நட்டமா, ஆதாயமா?
பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான்.
தெரியவில்லை.

திலகேஸ்வரி ஆடி மாசத்தோடு போய்விட்டாள்.
திருச்சியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள்,
கொள்ளிடத்துக்கு நுரை வரைந்த கை.
அவள் சம்பளத்தை எடுத்தது யார்?
நாற்பது ரூபாய் வாங்கிய இவரா,
முகம் தெரியாத அந்த உடைத்தவனா,
இப்படி ஒன்று இருக்கிறதென்று
ஊருக்குச் சொல்லத் தெரியாத நானா?
திங்கட்கிழமை ஒரு பதில், வியாழக்கிழமை வேறு.
நூற்றில் ஒருவன் வாங்கியிருந்தாலும்
இன்னும் இருநூற்றறுபது பேர்.
தீபாவளி வரை இருந்திருப்பாள்.

சண்டைக்குப் போனவள்
சோதித்துப் பார்க்கப் பழைய கன்சோல் ஒன்று வாங்கினேன்,
நாலாயிரத்து இருநூறு, பேரம் பேசி.
செய்த கம்பெனிக்கு அதில் சல்லிக்காசு போகாது.
டிஸ்க் ஒன்று சும்மா கொடுத்தார்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்
கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அன்று ராத்திரியே ஆறாவது கட்டத்தைச் சரிசெய்தேன்.
வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் நஜ்முதீன் போன்.
"இப்ப மூட்டை நிக்குதும்மா."